நடுவில் இருப்பது திரும்பக்கூடாது

வெள்ளவத்தை ராமகிருஷ்ண வீதியால் கடல் பக்கம் இறங்கி, மரைன் டிரைவில் இடப்பக்கம் திருப்பினேன். ஹோர்ன் தானாக அடிக்கத் தொடங்கியது. நான் அதைத் தொடவே இல்லை. ஸ்டியரிங்கை நேராக்கியதும் நின்றது. சரி, ஏதோ ஒரு தடவை என்று நினைத்துக்கொண்டு அடுத்த வளைவில் கொஞ்சம் திருப்பினால் மறுபடியும் அதே அலறல். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். காற்று வாங்க வந்த பாதி வெள்ளவத்தை சுவரில் இருந்தபடி என்னைப் பார்த்தது. கடைசியில் ஓர் ஆட்டோக்காரத் தம்பி இறங்கி வந்து, பொனற்றைத் திறக்கச் சொல்லி, ஹோர்னில் கொழுவியிருந்த வயரைப் பிடுங்கிவிட்டார். "அக்கா, இது உங்கட அப்பாவுக்கும் மூத்ததோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு இளையதுதான், ஆனால் எனக்கு மூத்தது. 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ-40 சோமர்செட். 1952 தொடக்கம் 1954 வரை இங்கிலாந்தின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் செய்த மொடல். 1200 சிசி எஞ்சின், ஸ்டியரிங் தண்டோடு ஒட்டிய கியர்த் தடி, எங்கு பார்த்தாலும் உருண்டை. ஶ்ரீ எழுத்துள்ள வாகன இலக்கத் தகடுகள் வருவதற்கு முந்திய ஆங்கில எழுத்து இலக்கம். எங்கள் வீட்டில் யாரும் அதைச் சோமர்செட் என்று சொன்னதில்லை. யாழ்ப்பாணத்தில் அது எல்லோருக்கும் 'ஏ ஃபோட்டி'. பெரியப்பா கொக்குவிலில் அதை ஹயருக்கு ஓடினார். கலியாணம், பிள்ளைப்பேறு, நல்லூர்த் தேர், செத்தவீடு எல்லாவற்றுக்கும் அதுதான். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது மற்றவர்களைப் போல அவரும் மண்ணெண்ணெயில் ஓடினார். ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார். அதில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பின் சீற்றில் இருந்தால் உடுப்பெல்லாம் குப்பிவிளக்கு மணக்கும். பெரியப்பா போன பிறகு, 2010இல், லொறியில் ஏற்றி ஏ-9 வழியாகக் கொழும்புக்குக் கொண்டுவந்தோம்.

கொழும்பில் அதை வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. 2022இல் கியூஆர் கோட்டுக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் என்று அளந்து தந்த காலத்தில் அது மாதக்கணக்காக நின்ற இடத்திலேயே நின்றது. 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்த காலத்தில், தெருவில் நிறுத்தினாலே யாராவது ஒருவர் விலை கேட்பார். விற்கவில்லை. ஏன் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் கிடையாது.

ஹோர்ன் கதைக்கு வருகிறேன். இந்தக் காரின் ஸ்டியரிங்கில் நடுவட்டம்தான் விசேஷம். ஹோர்ன் பொத்தானும் அதோடு ஒரு சின்ன விசையும் அங்கே இருக்கின்றன. விசையை ஒரு பக்கம் தள்ளினால், முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையிலுள்ள தூணிலிருந்து செம்மஞ்சள் வெளிச்சத்தோடு ஒரு குட்டிக் கை எழும்பும். மின்னுகிற சிக்னல் வருவதற்கு முந்திய ஏற்பாடு. இப்போது கொழும்பில் அந்தக் கையைப் பார்த்து யாரும் வழி விடுவதில்லை, படம்தான் எடுக்கிறார்கள். ஸ்டியரிங்கை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் இந்த நடுவட்டம் திரும்பக்கூடாது, விசை எப்போதும் மேல்நோக்கியே நிற்கவேண்டும். அதற்காக, உட்குடைவான ஸ்டியரிங் தண்டுக்குள் இன்னொரு மெல்லிய குழாயை விட்டிருக்கிறார்கள். அது மேலே நடுவட்டத்தைத் தாங்குகிறது. கீழே, தண்டின் சுற்றைச் சில்லுகளுக்குக் கடத்தும் ஸ்டியரிங் பொக்ஸின் அடியில் ஒரு நட்டு அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. தண்டு சுற்றும், குழாய் அசையாது. வயர்கள் குழாய்க்குள்ளால் இறங்கிக் கீழ்வாயால் வெளியே வரும்.

இன்னொன்றும் எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. ஹோர்ன் பொத்தான் ஹோர்னுக்குக் கரண்ட் அனுப்புவதில்லை. கரண்ட் ஏற்கெனவே ஹோர்னில் வந்து காத்திருக்கிறது. பொத்தானை அமர்த்தினால் அது காரின் இரும்போடு சேர வழி கிடைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே அந்த வயரின் தோல் எங்கேயாவது உரிந்து இரும்பில் பட்டால், காருக்கு யாரோ பொத்தானை அமர்த்தியது போலத்தான்.

முதலில் வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி ஸ்டியரிங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உள்ளே போய் இரண்டு இறாத்தல் சுத்தியலோடு வந்தார். "நட்டைக் கழற்றிட்டு மேல ரெண்டு அடி போட்டாக் கழண்டிடும் மிஸ்." நான் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது, ஆனால் இதற்கு ஏன் சுத்தியல் கூடாது என்று பெரியப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். தண்டின் நுனியில் அடித்தால் மரை பூவாக விரியும், பிறகு அந்த நட்டு எந்தக் காலத்திலும் ஏறாது. அடியின் அதிர்ச்சி தண்டு வழியே இறங்கிக் கீழே பொக்ஸிலுள்ள பெயாரிங்கில் போய் முடியும். பிந்திய காலத்துக் கார்களில் இன்னும் மோசம். விபத்தில் மடிந்து கொடுக்கவென்றே தண்டை இரண்டு துண்டாகச் செய்து, இடையில் முறியக்கூடிய பிளாஸ்டிக் ஆணி வைத்திருப்பார்கள். நாலு அடி போட்டால், விபத்து இல்லாமலே அந்த ஆணி முறிந்துவிடும்.

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் ஒருவர்தான், நானா என்று நான் கூப்பிடும் மெக்கானிக்கின் இடத்தைச் சொன்னார். தெமட்டகொடையில், ரயில் பாதைக்குக் கிட்ட, ஒரு கார் நுழையும் அகலத்தில் ஒரு சந்து. பெயர்ப்பலகை இல்லை. நானாவுக்கு எழுபது இருக்கும். சாரத்தைச் சற்றே தூக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டுநர் சீற்றில் ஏறி உட்கார்ந்தார். கையில் ஒரு சாமானும் இல்லை. ஸ்டியரிங்கை மெதுவாக இடப்பக்கம் சுற்றினார், பிறகு வலப்பக்கம். ஐந்து நிமிடம் இதையே செய்தார்.

"தங்கச்சி, இங்க பாருங்க. நடுவும் சேந்து திரும்புது."

பார்த்தேன். மணிக்கூட்டில் பன்னிரண்டைக் காட்டவேண்டிய விசை, ஸ்டியரிங்கோடு கொஞ்சம் நகர்ந்து பதினொன்றில் போய் நின்றது. பிறகு அவர் இறங்கிக் குந்தி, முன்பக்கத்து அடியில் டோர்ச் அடித்தார். சிமெந்தில் ஒரு ரூபாய்க் குற்றியளவு எண்ணெய்ப் பொட்டு. எனக்கு அது புதிதில்லை. எங்கள் அப்பார்ட்மென்ட் கார்ப் பார்க்கிலும் அதே பொட்டு உண்டு. வயதான வண்டி, கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் என்று ஒரு கார்ட்போட் மட்டையை விரித்துவிட்டு இருந்தேன்.

"ஹோர்னும் இதும் ஒரே வருத்தம்," என்றார் நானா.

கீழேயுள்ள நட்டு இளகியிருக்கிறது. அதனால் பொக்ஸின் எண்ணெய் கசிகிறது. அதனால்தான் குழாயும் பிடி விட்டுத் தண்டோடு சேர்ந்து சுற்றுகிறது. குழாய் சுற்றினால் உள்ளேயிருக்கும் வயர்கள் முறுகும், கீழ்வாயில் உரசும், தோல் போகும். இதைச் சொல்லி முடித்துவிட்டு அவர் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

அடுத்த சனிக்கிழமை வேலை தொடங்கியது. நான் பக்கத்தில் நின்று டோர்ச் பிடித்தேன், படம் எடுத்தேன், தேவையில்லாத கேள்விகள் கேட்டேன். முதலில் பற்றரி. இந்தக் காலத்துக் கார்களில் பற்றரியின் எதிர்முனை உடலோடு சேர்ந்திருக்கும். சோமர்செட்டில் நேர்முனைதான் உடலோடு. தெரியாத ஒருவர் பற்றரி மாற்றினால் பழக்கதோஷத்தில் தலைகீழாகக் கொழுவிவிடுவார், எனக்கும் ஒருதடவை மயிரிழையில் தப்பியது. நானா சிவப்புப் பக்கத்தைக் கேட்காமலே கழற்றியதைப் பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்தது.

பிறகு முன் சில்லுகளை நேராக நிறுத்தினார். கீழே வயர்கள் இணையும் இடத்தில் ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் துண்டு ஒட்டி எண் எழுதச் சொன்னார். நட்டை இளக்குமுன் அடியில் ஒரு பழைய பால்மாப் பேணி வைத்தார். நட்டு அரைச் சுற்றுக்கே வந்துவிட்டது. எண்ணெய் நூலாக இறங்கியது, அதிகமில்லை, பாதி ஏற்கெனவே என் கார்ட்போட்டுக்குப் போயிருக்கும்.

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. வயர்களை மேலே இழுக்குமுன் அவற்றின் கீழ் நுனியில் ஒரு நீளமான நைலோன் நூலை முடிந்தார். வயர் மேலே வரும்போது நூல் குழாய்க்குள் போய் நிற்கும். திரும்பப் போடும்போது புது வயரை நூலில் கட்டிக் கீழேயிருந்து இழுத்தால் போதும். நூல் கட்டாமல் இழுத்தவர்கள், பிறகு ஒரு மீற்றர் குழாய்க்குள் நாலு வயரைத் தள்ளப் பட்ட பாட்டை நானா சொல்லிச் சிரித்தார். ஸ்டியரிங்கின் குடத்தில், அதாவது தண்டில் பொருந்தும் நடுப்பகுதியில், பக்கவாட்டில் தலையில்லாத சின்னத் திருகாணிகள். அவற்றை இளக்கியதும் நடுவட்டம் ஒரு குட்டிக் குழாயோடு, வால் போல வயர்கள் தொங்க, மேலே வந்தது.

பாதியில் சிக்கியது.

நான் என்றால் இழுத்திருப்பேன். நானா கையை எடுத்துவிட்டார். கீழே போய் நூலை ஒரு சாண் பின்னால் இழுத்தார், மேலே வந்து சற்றுத் திருப்பி விட்டுப் பார்த்தார், மறுபடியும் கீழே போனார். "உள்ளுக்கு எதோ மொத்தமா ஈக்குது. அவசரப்பட்டா அறுந்துடும்." இப்படி மேலும் கீழுமாக ஒரு கால்மணி நேரம். கடைசியில் அந்த மொத்தம் வெளியே வந்தது. கறுப்பாக, சுருங்கி, விரல் நீளத்துக்கு. துணி சுற்றிய பழைய வயர்களின் மேல் யாரோ ஓர் இறப்பர் உறை போட்டிருந்தார்கள். நகத்தால் தொட்டதும் தார்த்தூளாக உதிர்ந்தது.

நானா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வால்வ் டியூப்."

சைக்கிள் வால்வ் டியூப். காற்றடிக்கும் இடத்தில் போடுகிற அந்த மெல்லிய இறப்பர்க் குழாய். இதைப் போட்டது யாராக இருக்கும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பற்றரி கிடையாது, வயர் கிடையாது, சைக்கிள் மட்டும் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோச் செய்தி கேட்ட ஊர் அது. வயரின் தோல் போன இடத்தில் பெரியப்பா கையில் இருந்ததைப் போட்டிருக்கிறார். அந்த மெல்லிய வயர்களை ஒவ்வொன்றாக அதற்குள் நுழைத்து, இரண்டு நுனியையும் தையல் நூலால் சுற்றிக் கட்டியிருந்தார். முடிச்சு அப்படியே இருந்தது. இறப்பர்தான் கால் நூற்றாண்டு எண்ணெயில் ஊறி இற்றுப்போயிருந்தது.

"வேல தெரிஞ்ச கை," என்றார் நானா. மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

ஹோர்ன் வேலைக்கு ஸ்டியரிங்கையே கழற்றத் தேவையில்லை. ஆனால் வளையத்தில், கம்பிகள் வந்து சேரும் இடங்களில் பெரிய வெடிப்புகள். நீண்ட ஓட்டத்தில் உள்ளங்கையைக் கடிக்கும். இவ்வளவு தூரம் திறந்த பிறகு அதையும் பார்ப்போம் என்றேன். நானா நடு நட்டைப் பெட்டி ஸ்பானரால் இளக்கி, முழுக்கக் கழற்றாமல் நாலு மரையில் விட்டார். இதைத் தனியே செய்ய நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். நட்டை முழுக்கக் கழற்றிவிட்டு இழுத்தால், ஸ்டியரிங் விடுபடும் அந்த நொடியில் நேரே மூக்குக்குத்தான் வரும். ஸ்டியரிங்கைத் தண்டிலிருந்து இழுத்தெடுக்கும் புல்லரைப் பூட்டி அதன் நடு போல்ட்டை இறுக்கினார். அசையவில்லை. துரு எண்ணெய் விட்டு, இறுக்கிய நிலையிலேயே விட்டுவிட்டு, என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். அடுத்த நாள் காலை நான் போனபோது, யாரும் தொடாமலே இரவில் 'டக்' என்று விட்டதாம்.

பக்கத்தில் ஒரு ஜப்பான் கார் நின்றது. இதையும் இப்படியே கழற்றலாமா என்று கேட்டேன். "ஐயோ, அதுல பலூன் ஈக்குது," என்றார். எயார்பேக் உள்ள காரில் பற்றரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் பொறுத்திருந்துதான் ஸ்டியரிங்கில் கை வைக்கவேண்டும். இல்லாவிட்டால் அது முகத்திலேயே வெடிக்கலாம். அந்தச் சங்கதிக்கு நான் வரமாட்டேன்.

ஸ்டியரிங் எங்கள் வீட்டுக்கு வந்தது. வெடிப்பு வேலையை நானே செய்வதாகச் சொல்லியிருந்தேன். பல்கனியில் பழைய வீரகேசரியை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். உள்ளே உருக்கு வளையம், மேலே பிளாஸ்டிக் ஓடு. இரண்டும் வெயிலுக்கு ஒரே அளவில் விரிவதில்லை, ஓடு வயது போகப் போகச் சுருங்கவும் செய்கிறது. எனவே கம்பி சேரும் இடத்தில் வெடிக்கும். முதல் தடவை வெடிப்பைத் துடைத்துவிட்டு, ஹார்ட்வெயாரில் வாங்கிய இரண்டு டியூப் எபொக்சியைக் கலந்து மேலால் பூசினேன். அடுத்த நாள் அரத்தாளால் தேய்த்ததும் பிஸ்கட் துண்டு மாதிரிக் கழன்று விழுந்தது. கேட்டால் நானா ஃபோனில் சிரிக்கிறார். வெடிப்பை முதலில் பெரிதாக்கவேண்டுமாம். அரத்தால் அதை ஓர் ஆப்பு வடிவத்தில் வெட்டி, உருக்குத் தெரியும் வரை ஆழமாக்கி, தின்னரால் பிசுக்குப் போகத் துடைத்து, அதற்குப் பிறகு எபொக்சியைக் கட்டைவிரலால் அமுக்கவேண்டும். நல்ல பொருளை மேலும் உடைக்கக் கை வரவில்லை, ஆனால் அதுதான் வழி. ஒரு முழு நாள் காயவிட்டு, 80 அரத்தாள், பிறகு 180, கடைசியில் தண்ணீர் தொட்டு 400. பெயின்ட் அடிக்க மட்டும் நானாவுக்குத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தேன்.

அந்த இரண்டு வாரமும் அப்பா பின்னேரங்களில் பல்கனிக் கதிரையில் ஸ்டியரிங்கை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். அவர் பெரியப்பாவின் தம்பி. இளமையில் அந்தக் காரில் முன் சீற்றில் போய், ஏறுபவர்களின் மூட்டைமுடிச்சைக் கட்டிய ஆள். வால்வ் டியூப்பைக் கொண்டுவந்து காட்டினேன். உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "அண்ணன் சைக்கிளுக்குப் போடுறதுக்குக் கூடத் தரமாட்டான், ஒளிச்சு வச்சிருப்பான்," என்றார். சின்ன வயதில் கொடுக்காத ஒரு வால்வ் டியூப்புக்காக எழுபத்தெட்டு வயதிலும் கோபம்.

திரும்பப் பூட்டும் நாளில்தான் அந்தப் புள்ளிகளைக் கவனித்தோம். ஸ்டியரிங்கைக் கழற்றுமுன் தண்டின் நுனியிலும் குடத்திலும் நேருக்கு நேர் சென்டர் பஞ்சால் ஒவ்வொரு புள்ளி குத்தி வைப்பது வழக்கம். திரும்பப் போடும்போது இரண்டும் சந்தித்தால் சரி. நானா குத்தியிருந்தார். இப்போது பழைய கிறீஸை வழித்தபோது, அதற்கு முன்பே யாரோ குத்திய இன்னொரு சோடிப் புள்ளிகள் தெரிந்தன. அவை ஒன்றையொன்று சந்திக்கவில்லை. தண்டையும் குடத்தையும் கோக்கும் பற்களில் ஒரு பல் தள்ளி நின்றன.

எனக்கு இது புதினமில்லை. இந்தக் கார் நேராகப் போகும்போது ஸ்டியரிங் சற்று வலப்பக்கம் சரிந்துதான் நிற்கும். நான் ஓட்டப் பழகியதே அப்படித்தான். நானா ஸ்டியரிங் பொக்ஸை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுற்றி, சுற்றுகளை எண்ணி, சரிபாதியில் நிறுத்தினார். சில்லுகளைப் போய்ப் பார்த்தார். இரண்டும் நேர். "பொக்ஸ் நடுவுல ஈக்குது, சில்லு நேரா ஈக்குது. ஸ்டியரிங் மட்டும் ஒரு பல்லு தள்ளிப் போட்டீக்காங்க. பொக்ஸ் நடுவுல இல்லாட்டி நான் இதத் தொடமாட்டன், கீழ ரொட்லதான் சரி பண்ணோணும். நேராக்கட்டா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. வால்வ் டியூப் போட்ட கையா இதையும் தள்ளிப் போட்டது, இல்லை அதற்கு முந்திய யாரோவா, தெரியாது. நானா விசையைக் காட்டினார். திருப்பி முடிந்ததும் அந்தக் குட்டிக் கை தானாக இறங்கவேண்டும். ஸ்டியரிங் குடத்திலுள்ள ஒரு நாக்குத் தட்டித்தான் அது இறங்குகிறது. குடம் ஒரு பல் தள்ளி நின்றால் ஒரு பக்கம் முந்தி இறங்கும், மறுபக்கம் இறங்காமலே நிற்கும். உண்மைதான். இத்தனை வருடமும் இடப்பக்கத்துக் கையை நான் விரலால் தட்டித்தான் இறக்கி வந்திருக்கிறேன், காருக்கு வயதென்று நினைத்துக்கொண்டு.

"நேராக்குங்க நானா."

புது வயர்கள் நூலைப் பிடித்துக்கொண்டு இறங்கின. கீழ்வாயில் வால்வ் டியூப்புக்குப் பதிலாகச் சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் உறை. நட்டை இறுக்கி, பொக்ஸுக்குக் கியர் எண்ணெய் விட்டு, பற்றரியைக் கொழுவினார். பொத்தானை என்னை அமர்த்தச் சொன்னார். அமர்த்தினேன், அடித்தது. எடுத்தேன், நின்றது. சந்து முனையில் படுத்திருந்த நாய் மட்டும் எழும்பிப் போனது.

அன்று பின்னேரம் அப்பாவை முன் சீற்றில் ஏற்றிக்கொண்டு மரைன் டிரைவில் தெஹிவளைப் பக்கமாக மெதுவாக ஓட்டினேன். கறுப்பு வளையம் புதிதுபோல் மின்னியது. நேரான பாதை, கம்பிகள் மட்டமாக நின்றன, விசை பன்னிரண்டில். என் தோள்தான் பழக்கத்தில் வலப்பக்கம் சரிந்துகொண்டே இருந்தது. அப்பா கடலைப் பார்க்கவில்லை. பம்பலப்பிட்டியால் வந்த ரயில் எங்களைக் கடந்து போகும் வரை ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"பிள்ளை, கோணலாப் பூட்டிப்போட்டாங்கள்."

"இல்லையப்பா, இப்பதான் நேர்."

"அண்ணன் ஓடேக்க இப்பிடி நிக்கேல்ல," என்றார்.